நடுத்துளையிலிருந்து விளிம்புவரை: ட்சுபா சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஜப்பானிய வாளில் அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு தட்டு இருக்கும். அதன் பெயர் ட்சுபா. குத்தும்போது கை வழுக்கி அலகின் மேல் போய்விடாமல் தடுப்பது அதன் முதல் வேலை. வாளின் எடையைக் கையருகே இழுத்துச் சமன் செய்வது அடுத்தது. இது வாளோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட உறுப்பு அல்ல. கைப்பிடியில் இருக்கும் சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்றுவிடும், பின்னாலேயே ட்சுபாவும் வந்துவிடும். அதனால் ஒரே அலகுக்கு ட்சுபாவை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒரே ட்சுபா பல அலகுகளில் ஏறி இறங்கியதும் உண்டு.

1876-இல் மெய்ஜி அரசு, ராணுவத்தினர், போலீசார் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. வேலை இழந்த வாள்களிலிருந்து கழற்றிய ட்சுபாக்கள் ஏராளமாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. 200 ஆண்டு பழமையான ஒரு கைவேலையைச் சாதாரணச் சம்பளக்காரர் இன்றும் வாங்க முடிகிறது என்றால் அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என் முதல் ட்சுபாவில் ஒரு டிராகன் மேகத்துக்குள் சுருண்டு கிடந்தது. ஒரு பழம்பொருள் சந்தையில், எடோ காலத்தது, அதாவது மெய்ஜிக்கு முந்தையது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து இணைய ஏலம் ஒன்றில் அதே டிராகனைப் பார்த்தேன். அதே மேகம், வாலருகே அதே சிறு பள்ளம். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. பள்ளம்கூட ஒன்றாக இருந்ததைப் பார்த்த அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் படத்தை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன். அன்றிலிருந்து ட்சுபாவை நடுவிலிருந்து வெளியே படிக்கிறேன். முதலில் நடுத்துளை, பிறகு அதைச் சுற்றிய பகுதி, பிறகு உலோகம், விளிம்பு, அதற்கப்புறம்தான் படம். கையெழுத்து கடைசி. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

வாங்குவதற்கு முன் சில மாதங்கள்

பணத்தை எடுக்காதீர்கள். கண்ணைப் பழக்குங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் ஆகிய மூன்றிலும் பெரிய ட்சுபாத் தொகுப்புகள் இருக்கின்றன. படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்கள் தங்கள் பொருட்களை கோல்பேஸ் என்ற பொதுத் தளத்தில் வைத்திருக்கின்றன. ஒரு நாளைக்குப் பத்து ட்சுபா போதும். பெரிதாக்கிப் பாருங்கள். டோக்கியோ போக வாய்ப்பு இருந்தால் ரியோகொகுவில் இருக்கும் வாள் அருங்காட்சியகத்தையும், ஹோசோகாவா பிரபுக் குடும்பத்தின் சேகரிப்பை வைத்திருக்கும் எய்செய் புன்கோவையும் தவறவிடாதீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு வெர்னியர் காலிப்பர், சின்னக் காந்தம், பழைய மெத்தென்ற பருத்தித் துணி. கீறல் விழாமல் இருக்கக் காந்தத்துக்கும் ட்சுபாவுக்கும் நடுவில் அந்தத் துணியை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பிடிப்பது, எப்படித் திருப்பி வைப்பது

விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. இரும்பின் தட்டைப் பரப்பில் அது துருவாகிவிடும். கீழே ஒரு துண்டு விரித்து, அதன் மேலேயே வைத்துப் பாருங்கள்.

நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு துளை இருக்கும். கைப்பிடிக்குள் நுழையும் அலகின் வால்பகுதி இதன் வழியாகத்தான் போகிறது. ஒரு முனை கூர்ந்திருக்கும். வாளின் வெட்டும் பக்கம் அது. எதிர்முனை அகலமாக இருக்கும். அது வாளின் முதுகுப் பக்கம். கூர்முனை மேலே இருக்கும்படி வைப்பது மரபு, ஏனென்றால் நீள வாளான கட்டானாவை வெட்டும் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படித்தான் இடுப்பில் செருகுவார்கள்.

சரி, எது முன்பக்கம்? வாளை அணிந்தால் கைப்பிடியை நோக்கி இருக்கும் பக்கம்தான் முன்பக்கம், ஒமோதே என்பார்கள். எதிரே நிற்பவர் கண்ணில் படுவது அதுதான் என்பதால் அலங்காரமும் கையெழுத்தும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

நடுத்துளை

ஜப்பானியர் இதை நகாகோ-அனா என்கிறார்கள். நான் லென்ஸோடு அதிக நேரம் இருப்பது இங்கேதான். நீங்களும் இருங்கள்.

ஒவ்வொரு அலகின் வாலும் ஒவ்வொரு தடிமன். ட்சுபா வேறு அலகுக்கு மாறும்போது துளை பெரிதாக இருந்தால் ஆடும்; சிறிதாக இருந்தால் நுழையாது. சிறிதாக இருந்ததை அரத்தால் ராவினார்கள். பெரிதாக இருந்தால் இரண்டு வழி. துளையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் செம்புத் துண்டுகளைச் செருகினார்கள். செகிகானே என்று பெயர். மென்மையான செம்பு அலகின் வாலைக் கீறாமல் பிடித்துக்கொள்ளும். அல்லது துளையின் ஓரத்தைச் சுற்றி உளியால் அடித்து, உலோகத்தை உள்ளே தள்ளி இறுக்கினார்கள். அந்த அடித்தடங்களைப் பல ட்சுபாக்களில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்தத் தடங்கள்தான் ஒரு ட்சுபாவின் வேலைச் சரித்திரம். ஒரு முறை அரம், ஒரு முறை உளி, பிறகு செம்பு என்று மூன்று விதமான திருத்தம் தெரிந்தால், அது பல அலகுகளைச் சுமந்திருக்கிறது என்று பொருள். அந்தத் திருத்தங்களும் மற்ற பரப்பைப் போலவே கறுத்திருக்க வேண்டும். எல்லாம் கறுத்திருக்க, துளையின் உள்சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால் யாரோ அண்மையில் ராவியிருக்கிறார்கள்.

எந்தத் தடமும் இல்லாத துளை என்றால் உடனே போலி என்று தள்ளிவிட வேண்டாம். வாளில் ஏறாமலே பரிசாகப் பெட்டியில் இருந்த நல்ல ட்சுபாக்களும் உண்டு. ஆனால் பரப்பு முழுக்கத் தேய்ந்து மிகப் பழையதாகத் தோன்றி, துளை மட்டும் கன்னி போல இருந்தால், அந்த முரண்பாட்டுக்கு விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

துளையைச் சுற்றியும் பக்கத்திலும்

நடுத்துளையைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு வெற்றிடம் இருக்கும், செப்பாதாய். செப்பா எனப்படும் மெல்லிய வளையத் தகடுகள் இருபுறமும் இங்கேதான் உட்காரும். பல ஆண்டுகள் அழுத்திக் கிடந்த செப்பாவின் தடம் கொஞ்சம் வேறு நிறத்தில் தெரிந்தால் எனக்குச் சந்தோஷம். அலங்காரம் இந்த வெற்றிடத்துக்குள் புகுந்து மேடாக நின்றால் செப்பா சமமாக உட்காராது. வாள் தெரிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். மெய்ஜி காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகச் செய்த அலங்காரப் பொருட்களில் இந்தப் பிழையைப் பார்க்கலாம்.

நடுத்துளையின் இருபுறமும் சில ட்சுபாக்களில் பக்கத் துளைகள் இருக்கும். கூர்முனை மேலே, முன்பக்கம் உங்களை நோக்கி என்று வைத்தால், இடப்பக்கத் துளை அரைவட்டம் போல இருக்கும். உறையில் செருகிய சிறு கத்தியின் பிடியான கோஸுகாவுக்கு வழி அது. வலப்பக்கத் துளைக்கு மூன்று மேடுகள் கொண்ட வளைந்த ஓரம் இருக்கும். கூந்தலைச் சரிசெய்யும் ஊசி போன்ற கோகாய்க்கு. பிற்காலத்தில் தேவையில்லாமல் போன துளைகளை ஈயத்தாலோ வேறு உலோகத்தாலோ அடைத்திருப்பார்கள். அது குறையில்லை, அதுவும் சரித்திரம்தான்.

அளவையும் இப்போதே எடுத்துவிடுங்கள். நீள வாளான கட்டானாவின் ட்சுபா பெரும்பாலும் 7 முதல் 8.5 சென்டிமீட்டர், குட்டை வாளான வகிசாஷியுடையது அதைவிடச் சிறிது. நீளம், அகலம், விளிம்பில் தடிமன், செப்பாதாயில் தடிமன் என்று நான்கு அளவு. தடிமனை இரண்டு இடத்தில் எடுப்பது ஏன் என்றால், சில மரபுகள் நடுவில் தடித்து விளிம்பை நோக்கி மெலியும், சிலவற்றில் அது தலைகீழ்.

உலோகம்

இரும்புதான் அதிகம். நல்ல பழைய இரும்பின் நிறம் வெறும் கறுப்பு இல்லை. ஊதா கலந்த கரும்பழுப்பு. ஈரமாக இருப்பதுபோல ஒரு மெல்லிய பளபளப்பு தெரியும். நூற்றாண்டுகளாகக் கையும் துணியும் பட்டு வந்த நிறம் அது. பெயின்ட் அடித்த கறுப்பில் அந்த ஆழம் இருக்காது.

காந்தம் ஒட்டாத கறுப்பு என்றால் அது ஷாகுடோவாக இருக்கலாம். செம்போடு சில விழுக்காடு தங்கம் சேர்த்த கலவை இது. ரசாயனக் கரைசலில் வேகவைத்ததும் காக்கையின் இறகு போல நீலம் ஓடும் கறுப்பாகிவிடும். வெள்ளி சேர்த்த செம்புக் கலவைக்கு ஷிபுஇச்சி என்று பெயர். நான்கில் ஒரு பங்கு என்பது சொல்லின் பொருள், சாம்பல் நிறத்தில் இருக்கும். இவை தவிர பித்தளை, சுத்திகரிக்காத செம்பான யமகானே ஆகியவையும் வரும். ஷாகுடோவின் கறுப்பு மேலே ஒரு மெல்லிய படலம் மட்டுமே. பித்தளைப் பாலிஷ் போட்டு ஒரு முறை தேய்த்தால் போயே போச்சு.

அடித்ததா, வார்த்ததா

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வதிலேயே முக்கியமானது இந்தப் பகுதி. பழைய இரும்பு ட்சுபா சுத்தியலால் அடித்த தகட்டிலிருந்து வெட்டியது. இன்று சந்தையில் திரியும் போலிகளில் பெரும்பாலானவை அச்சில் வார்த்தவை.

ஊடுருவி வெட்டிய வேலைப்பாடு இருந்தால், அதாவது சுகாஷி இருந்தால், அந்த வெட்டின் உள்சுவரை லென்ஸால் பாருங்கள். கையால் வெட்டிய சுவர் நிமிர்ந்து நிற்கும், அரத்தின் மெல்லிய கோடுகள் தெரியும், மூலைகள் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் மூலைகள் சோப்புத் தேய்ந்ததுபோல மழுங்கியிருக்கும். சுவரின் நடுவே அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு ஓடலாம். ஊசிமுனை அளவில் வட்டக் குழிகள் இருக்கலாம், அவை காற்றுக் குமிழி விட்டுப் போன இடங்கள். மழுங்கல் எங்கே இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். உண்மையான தேய்மானம் கை படும் மேட்டில் வரும். கை நுழையவே முடியாத உள்மூலையும் அதே அளவு மழுங்கியிருந்தால் அது தேய்மானம் இல்லை.

விரலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்து, மணி போல ஒலித்தால் அடித்த இரும்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தனி ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. தீ விபத்தில் வெந்துபோன நல்ல ட்சுபாவின் பரப்பும் கரடுமுரடாகத் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது உள்சுவர்களும் நடுத்துளையும்தான் வழக்கைத் தீர்க்கும்.

விளிம்பு

விளிம்பு உருண்டையா, சதுரமா, சற்றே வளைந்த சதுரமா? தகட்டின் ஓரத்தை அடித்து உள்நோக்கி மடக்கியிருக்கிறார்களா? வேறு உலோகத்தில் வளையம் போட்டிருக்கிறார்களா? இதைப் பார்த்த பிறகு, ட்சுபாவைச் சாய்த்து வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுங்கள். சில பழைய இரும்பில் விளிம்பில் கட்டிகளும் முடிச்சுகளும் தெரியும். தெக்கோட்சு, இரும்பின் எலும்பு என்று அழைக்கிறார்கள். கடினமான இரும்பும் மென்மையான இரும்பும் சரியாகக் கலக்காமல் நின்ற இடங்கள் அவை. ஓவாரி, கனயாமா மரபுகளில் இதைக் குறையாகப் பார்ப்பதில்லை, தேடி ரசிக்கிறார்கள்.

இப்போது படம், அதன்மூலம் மரபு

வெளிவடிவத்தைக் குறியுங்கள். வட்டம் என்றால் மாரு, நான்கு இதழ்போல உள்வாங்கியது என்றால் மொக்கோ, சதுரம் என்றால் காகு. பிறகு வேலைப்பாட்டின் வகை.

மெல்லிய பெரிய இரும்பு வட்டம், அதில் சின்னதாக ஒரு செர்ரிப் பூவோ வேறு உருவமோ மட்டும் வெட்டியிருந்தால், வாள் கொல்லர் வகை அல்லது கவசக் கொல்லர் வகை என்பார்கள். தோஷோ, கச்சூஷி என்ற இந்தப் பெயர்கள் வழக்கத்தில் வந்தவை; உண்மையிலேயே அந்தக் கொல்லர்கள்தான் செய்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் இருக்கிறது. தட்டையான சதுர விளிம்பு, இருபுறமும் ஒத்த, தடித்த வெட்டு வேலை, எலும்பு தெரியும் இரும்பு என்றால் ஓவாரி பக்கம் பாருங்கள். கோடுகள் மெலிந்து நளினமாக ஓடினால் கியோட்டோவின் கியோ-சுகாஷி. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அகசாகா என்ற பகுதியில் வளர்ந்த மரபு இன்னொன்று.

ஹிகோ மரபு எனக்குப் பிடித்தமானது. இன்றைய குமாமோட்டோதான் பழைய ஹிகோ. ஹோசோகாவா குடும்பம் 1632-இல் அங்கே வந்தது. தேநீர்க் கலையில் சென் நோ ரிக்யூவின் மாணவரான ஹோசோகாவா சன்சாய் (1563–1646) கைவினைஞர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஹிராதா, ஹாயாஷி, நிஷிகாகி, ஷிமிஸு என்று நான்கு வழிகள் கிளம்பின. ஹாயாஷி மதாஷிச்சியின் இரும்பு பட்டு போல இருக்கும். ஷிமிஸு வழியின் ஜிங்கோ பெயர்கொண்டவர்கள் இரும்பின் மேல் பித்தளையில் பருந்தைப் பதிப்பார்கள், முரட்டு அழகு. வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி தன் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1645-இல் இறந்ததும் இதே குமாமோட்டோவில்தான். இரண்டு கடல் அட்டைகளின் வடிவை மட்டும் வெட்டிய எளிய ட்சுபா வடிவம் ஒன்றை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

மென்மையான உலோகத்தில் மீன்முட்டை போல நெருங்கிய சிறு குமிழ்கள் வரிசையாக அடித்த பரப்பைப் பார்த்தால், அது நனாகோ. ஷாகுடோவில் நனாகோ, மேலே தங்கத்தில் உருவம் என்றால் கொதோ குடும்பத்தின் வழி நினைவுக்கு வரவேண்டும். அந்தக் குடும்பத்தின் முதல்வர் கொதோ யூஜோ (1440–1512). லென்ஸில் குமிழ்கள் ஒரே அளவாக, வரிசை தவறாமல் இருந்தால் நல்ல கை.

படத்தின் பொருளையும் மெல்லப் படித்துக்கொள்ளலாம். தும்பியை வெற்றிப் பூச்சி, கச்சிமுஷி என்று வீரர்கள் விரும்பினார்கள். அது பின்வாங்காது என்பது நம்பிக்கை. ஆனால் தும்பியை எல்லா மரபினரும் செய்தார்கள். படத்தை மட்டும் வைத்து மரபைச் சொல்ல முடியாது.

கடைசியாகக் கையெழுத்து

கையெழுத்துக்கு மேய் என்று பெயர். பெரும்பாலும் முன்பக்கத்தில், நடுத்துளையின் இடப்பக்கம், மேலிருந்து கீழாக இருக்கும். அமைப்பு எளிது. மாகாணமும் ஊரும், பிறகு அங்கே வசிப்பவர் என்று பொருள்படும் ஜூ, பிறகு பெயர், சில சமயம் செய்தார் என்பதற்கான சாகு. சோஷூ ஹாகி ஜூ என்று தொடங்கினால் இன்றைய யமாகுச்சி மாவட்டத்தின் ஹாகி ஊர்க்காரர். பூஷூ ஜூ என்றால் எடோ நகரம் இருந்த மாகாணத்தவர். மாகாணத்தைக் குறிக்கும் ஷூ என்ற எழுத்தை அடையாளம் காண்பது சுலபம்: மூன்று நெடுங்கோடு, அவற்றோடு மூன்று சிறு கீற்று. இந்த ஒரு எழுத்தைத் தெரிந்துகொண்டாலே எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று புரிந்துவிடும்.

பெரிய பெயரைக் கண்டால் மகிழ வேண்டாம். நொபுஇயே, கனேஇயே, ஹிகோனே ஊரின் சோதென் ஆகிய பெயர்களைப் பின்னால் வந்த பலர் வெட்டியிருக்கிறார்கள். இப்படிப் பொய்யாக இட்ட கையெழுத்து கிமேய். எல்லாம் ஏமாற்று நோக்கத்தில் செய்தவை அல்ல, குருவின் பெயரைச் சீடர் மரியாதையாகப் போட்டதும் உண்டு. கையெழுத்தில்லாத நல்ல இரும்பை, பெரிய பெயர் தாங்கிய சோர்ந்த இரும்பைவிட நான் மேலாக வைப்பேன். பழைய ட்சுபாக்களில் மிகச் சிறந்த பலவற்றில் பெயரே கிடையாது.

எங்கே, எப்படி வாங்குவது

கியோட்டோவில் தோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதியும், கிதானோ தென்மாங்கூவில் 25-ஆம் தேதியும் சந்தை கூடும். கையில் எடுத்துப் பார்க்க நல்ல இடங்கள். வாங்குவதை வாள் உறுப்புகளுக்கென்றே இருக்கும், திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதித் தரும் வியாபாரியிடம் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் என்றால் நான்கு படம் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், செப்பாதாய் நெருக்கமாக, விளிம்பு பக்கவாட்டில். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பணம் கட்டும் முன் அதே வடிவம் வேறெங்காவது விற்பனையில் இருக்கிறதா என்று ஒரு முறை தேடுங்கள். நான் அன்று செய்யாதது இது.

1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் ட்சுபாக்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது. ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று நான்கு படிகள். இவற்றில் முதல் இரண்டு படிகள் 1982-இல் வந்தவை. அவற்றுக்கு முன் புழங்கிய பழைய வகைச் சான்றிதழ்களைச் சேகரிப்பாளர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு பார்க்கிறார்கள். எந்தச் சான்றிதழாக இருந்தாலும் அதிலுள்ள படத்தையும் கையில் இருக்கும் ட்சுபாவையும் நடுத்துளையின் அடித்தடம்வரை ஒப்பிடுங்கள்.

முதல் வாங்கலுக்கு என் யோசனை: எடோ காலப் பிற்பகுதியின் சோஷூ அல்லது பூஷூ இரும்பு ஒன்று. நிறையக் கிடைக்கும், கையெழுத்துள்ளவை ஏராளம், ஒப்பிட்டுப் படிக்க வசதி.

வீட்டுக்கு வந்த பிறகு

துருநீக்கி, எண்ணெய்க் குளியல், கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். கறுத்த துரு பாதுகாப்பு; விரலில் பொடியாக ஒட்டும் செந்துரு மட்டும்தான் பகை. அதை மான்கொம்பு அல்லது எலும்புத் துண்டின் முனையால், இரும்பைக் கீறாமல், பொறுமையாகச் சுரண்டுங்கள். ஒரு வாரம் ஆகட்டும், ஒரு மாதம் ஆகட்டும். அப்புறம் தினமும் பருத்தித் துணியால் தேய்த்தாலே போதும், பழைய பளபளப்பு மெல்லத் திரும்பும். மென்மையான உலோக ட்சுபாக்களில் இந்தத் தேய்ப்பும் கூடாது, தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

ஜப்பானில் பவுலோனியா மரப் பெட்டியில் பஞ்சு மெத்தை வைத்து அதில் வைப்பார்கள். சென்னை, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவுக்குள் அந்தப் பெட்டியையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் சேர்த்து வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு ட்சுபாவுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மெல்லிய காகிதத்தை மேலே பிடித்து, மென்பென்சிலை லேசாக உரசி அச்செடுத்து ஒட்டுங்கள். தடித்துப்போன பரப்பு, கண்ணுக்குத் தப்பிய உளித்தடம் எல்லாம் அந்த அச்சில் எழுந்து வரும். பக்கத்திலேயே நான்கு அளவு, உலோகம், நடுத்துளையில் பார்த்தது, எந்த மரபு என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள். பென்சிலாலேயே எழுதுங்கள், என் நோட்டில் மரபுப் பெயரை மூன்று முறை அழித்து எழுதிய பக்கங்கள் இருக்கின்றன.